மெத்துவின் குழாயில் குமிழிகள்

அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் எலும்பே இல்லாத கை ஒன்று இருந்தது. மெத்தென்ற ரப்பர் கை. கண்ணாடித் தொட்டியின் தண்ணீருக்குள் தூக்கத்தில் அசைவதுபோல் அசைந்துகொண்டிருக்கும். அதற்கு வாலு வைத்த பெயர் மெத்து. வாலுவுக்கு ஏன் வாலு என்று பெயர் வந்தது? அவளோடு அரைமணி நேரம் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே தள்ளினால் மெத்துவின் விரல்கள் மடங்கும். திரும்ப உறிஞ்சினால் விரியும். கடலடியில் வாழும் சின்ன உயிர்களை நசுக்காமல் எடுப்பதற்காக, அம்மா ஆறு வாரம் பாடுபட்டுச் செய்த கை அது.

அன்று பள்ளி விடுமுறை. வாலு உள்ளே போனபோது அம்மாவின் முகம் வாடியிருந்தது. பக்கத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

விரல்கள் விரியும்போதெல்லாம் குழாய்க்குள் குமிழிகள் பொங்கின. விரல்கள் வெடுக்கென்று உதறின.

"ரப்பரை வார்க்கும்போதே உள்ளே காத்து மாட்டியிருக்கும்மா. டீ குடிச்சிட்டு வந்து அறுத்துப் பாத்துடலாம்" என்றார் தலைவர்.

"சரி சார்" என்றார் அம்மா.

இருவரும் வெளியே போனதும் வாலு தொட்டியின் அருகே உட்கார்ந்தாள். தண்ணீரின் வெளிச்சம் சுவரெல்லாம் நெளிந்தது. பார்க்கப் பார்க்க அவள் கண்ணுக்கு அறையே கடலடி ஆனது. மெத்துவின் உள்ளங்கையில் குட்டி நட்சத்திர மீன் ஒன்று வந்து படுத்தது.

"பயப்படாதே மெத்து" என்றாள் வாலு.

மேசையில் ஊசி மாட்டாத சிரிஞ்சு ஒன்று கிடந்தது. சும்மா இருப்பாளா? அதில் தண்ணீரை நிரப்பி, காற்றையெல்லாம் வெளியே தள்ளினாள். முனையை விரலால் மூடிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தாள். உள்ளே குமிழிகள். விட்டாள், மறைந்துவிட்டன. இப்போது மெதுவாகக் கொஞ்சமே இழுத்தாள். ஒன்றுகூட வரவில்லை.

வாலு சிரிஞ்சோடு தலைவரிடம் ஓடினாள்.

"மாமா, மெத்து மேல தப்பில்ல. மெத்துவே இல்லாம எனக்கும் குமிழி வருது. வேகமா இழுத்தா மட்டும்தான் வருது. நீங்களே பாருங்க."

தலைவர் டீயைக் கீழே வைத்துவிட்டு இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"வெடுக்குன்னு இழுத்தா தண்ணியே குமிழியா மாறிடும். கப்பலைத் தள்ளுற விசிறியில இது நடக்குறதப் பத்தி இருநூறு பக்கம் எழுதினவன் நான். இந்தத் துளியூண்டு குழாயில தோணாமப் போச்சே."

"போன வாரம் நான்தான் பம்ப் வேகத்தைக் கூட்டினேன் சார்" என்றார் அம்மா. "சீக்கிரம் விரியட்டும்னு."

வேகத்தைக் குறைத்தார்கள். மெத்துவின் விரல்கள் காலையில் சோம்பல் முறிப்பதுபோல் நிதானமாக விரிந்தன. குழாயில் ஒரு குமிழிகூட இல்லை. மெத்துவை அறுக்க எடுத்து வைத்திருந்த கத்தியைத் தலைவர் இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

வாலு தொட்டிக்குள் கையை விட்டாள். ஐந்து விரல்களும் மெல்ல மடங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டன.

"வீட்டுக்குப் போலாமாடி?" என்றார் அம்மா.

"மெத்து விடணுமேம்மா."

விடச்சொல்லும் பொத்தான் அம்மாவிடம்தான் இருந்தது. அவர் அதை அழுத்தாமல், பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.