நாலு ஸ்க்ரூவும் படுத்திருந்தன!

டெலிபோன் அலறியது.

செயலாளர் அம்மாள் பாய்ந்து எடுத்தாள். மின் ஒப்பந்ததாரர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். விடுமுறை நாள் சேவை அவளுடைய யோசனை. தனியாக வசிக்கும் பெரியவர்கள் வீட்டுக்குப் போய் இலவசமாக வயரிங் பார்த்துக் கொடுப்பது. லீவு நாளும் அதுவுமாக முப்பத்திரண்டு மெம்பர்களைப் படுக்கையிலிருந்து எழுப்ப அவள் பட்ட பாடு நாய் படாது!

"ஹலோ... எங்க ஆள் இன்னும் வரலையா? இதோ அனுப்பறேன்..."

"வந்துட்டுப் போயாச்சு மேடம். அதான் பிரச்சினையே!" குரலில் சிரிப்பில்லை. "இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க பட்டியல்ல பதினேழாம் நம்பர் வீடு. பாத்ரூம்ல ஒரு பிணம்!"

அவள் பட்டியலைப் பார்த்தாள்.

பதினேழு... தனியாக இருக்கும் டீச்சரம்மா.

போன மெம்பர்... அவளுடைய சொந்தத் தம்பி!

* * *

டீச்சரம்மாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். குழாயைத் திறந்த கை மட்டும் வெளியே நீண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் கருப்பு.

"ஷாக்!" என்றார் இன்ஸ்பெக்டர். வாயில் ஒரு பெப்பர்மின்ட் உருண்டது. "ஹீட்டர், குழாய் எல்லாத்துலயும் கரண்ட். மெயினை அணைச்சுட்டோம். எதிர்வீட்டுக்காரர் மூணே முக்காலுக்குப் பிணத்தைப் பாத்திருக்கார். காலையில உங்க தம்பி வந்திருக்கார். சரிதானே?"

"ஆமா ஸார். பதினோரு மணிக்கு முடிச்சுட்டான்..."

"போன மாசம் பள்ளிக்கூடத்துல ஒரு வகுப்பறை எரிஞ்சுது. வயரிங் உங்க தம்பி. இந்த அம்மா அங்க தலைமை ஆசிரியையா இருந்தவங்க. உங்க சங்கத்துக்குப் புகார் எழுதிட்டாங்க. நாளைக்கு விசாரணை. நிரூபணமானா தம்பியோட லைசென்ஸ் காலி. இதுவும் சரிதானே?"

அவள் தலையாட்டினாள்.

"புகார் குடுத்தவங்க வீட்டுக்கே அவரை அனுப்பியிருக்கீங்களே... யார் யோசனை மேடம்?"

"தலைவர்தான் ஸார் காலையில பட்டியலை மாத்தச் சொன்னார். நேர்ல பேசினா மனஸ்தாபம் தீரும்னார்..."

"தீர்ந்துடுச்சு! ஒரேயடியா!"

அவருடைய செல் அடித்தது. "நிபுணர் வந்துக்கிட்டிருக்கார். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

அவள் தனியாக நின்றாள்.

பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஹீட்டருக்கான ஸ்விட்ச் பெட்டி. அதன் மூடியில் நாலு ஸ்க்ரூ.

குனிந்து பார்த்தாள்...

நாலு ஸ்க்ரூவின் தலைக் கீறல்களும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் ஒரே வரிசையில் படுத்திருந்தன!

சங்கத்தில் அவளுடைய தம்பிக்கு 'நேர்கோடு' என்று பட்டப்பெயர். எந்த மூடியைப் போட்டாலும் ஸ்க்ரூக்களை ஒரே வரிசையில் நிறுத்தாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டான். போன வாரக் கூட்டத்தில்கூட அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

'அடப்பாவி... நீயாடா? லைசென்ஸுக்காக ஒரு உசுரையாடா எடுத்தே?'

அம்மா போனபின் அவளேதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். பெற்ற பிள்ளை மாதிரி. அவன் தூக்குக்குப் போவதா? அவள் பார்த்துக்கொண்டு நிற்பதா?

ஹாண்ட்பேக்கைத் திறந்தாள். ஒரு நாணயத்தை எடுத்தாள்.

திருகினாள். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு!

கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இப்போது எல்லாமே கோணல்.

புத்தி கெட்டவள்! இதற்கு அவள் எவ்வளவு வருத்தப்படப் போகிறாள் என்று அப்போது தெரியவில்லை.

சமையலறைக்குள் நுழைந்து தம்பிக்கு போன் போட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டேய்! டீச்சரம்மா செத்துட்டாங்கடா!"

"என்னக்கா சொல்றே?" அவன் குரல் உடைந்தது. "காலையில நல்லாப் பேசினாங்களே! நான் உண்மையைச் சொல்லிட்டேன்க்கா. பள்ளிக்கூடத்துல வேலைதான் என்னோடது. மட்டமான வயரை என் தலையில கட்டினது தலைவர். அவங்க நம்பிட்டாங்க. நாளைக்கு விசாரணையில நானே சொல்றேன்னாங்க. நான் அதை தலைவர்கிட்டயே போன்ல சொன்னேன்!"

"தலைவர்கிட்டயா? அறிவிருக்காடா உனக்கு!"

"கோவத்துல சொல்லிட்டேன்க்கா..."

"பொய் சொல்லாதடா! உன் ஸ்க்ரூவை நான் கண்ணால பாத்தேன். நாலும் ஒரே வரிசையில படுத்திருந்துச்சு!"



"படுத்தா... அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு. படுத்தா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்ப அது நான் இல்லக்கா! நான் என்னிக்குமே கீறலை மேலும் கீழுமா நிக்கத்தான் வெப்பேன். படுக்க வெச்சா கீறல்ல தூசி உக்காரும். எனக்குத் தொழில் கத்துக்குடுத்தவர் முதல் நாளே தலையில குட்டிச் சொன்னது! எனக்கப்புறம் எவனோ அதைக் கழட்டியிருக்கான். என்னை மாட்டிவிட வரிசையா வெச்சிருக்கான். ஆனா நிக்கணும்னு அவனுக்குத் தெரியல! அக்கா, அதை யாரும் தொடாமப் பாத்துக்கோ. அது ஒண்ணுதான் என்னைக் காப்பாத்தும்!"

அவள் கையிலிருந்து செல் நழுவியது.

அவள் மேஜையில் வரைபடம் போடுகிற இன்ஜினியர். ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவள் அல்ல. நிற்கிறதா படுக்கிறதா என்று அவளுக்கு எங்கே தெரியும்? தம்பியைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சியைத் தன் கையாலேயே கலைத்துவிட்டாள்!

"ஐயோ... ஐயோ..." தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடடா! என்னம்மா இது அநியாயம்!"

திடுக்கிட்டுத் திரும்பினாள். ஹாலில் சங்கத் தலைவர். சலவைச் சட்டை... கண்ணில் கர்சீப்... பக்கத்தில் இன்ஸ்பெக்டர்.

"தலைவர் இப்பத்தான் வர்றார்" என்றார் இன்ஸ்பெக்டர். "சேவை நடக்கற வீட்டுக்கெல்லாம் பரிசுப் பையோட போனீங்களாமே?"

"எல்லா வீட்டுக்கும் போனேன் ஸார். இந்த வீட்டுக்குத்தான் வர நேரமில்லை. வந்திருந்தா டீச்சரம்மாவைக் கடைசியா ஒரு தடவை பாத்திருக்கலாம்." கர்சீப்பை மடித்தார். "சொல்லவே சங்கடமா இருக்கு ஸார்... நம்ம பையன் ஒருத்தன் இருக்கான். ஸ்க்ரூவை வரிசையா வெக்கிற பைத்தியம். போய்ப் பாருங்க, அந்த ஹீட்டர் பெட்டியில நாலும் வரிசையா படுத்திருக்கும். அவன் முடுக்கினதை வேற யாரும் தொடலைன்னு அர்த்தம்."

செயலாளர் அம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள்.

படுத்திருக்கும்!

"வாங்க, பாத்துடலாம்" என்று இன்ஸ்பெக்டர் முன்னே நடந்தார்.

மூவரும் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள்.

தலைவர் பார்த்தார்... கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது... இதை யார் திருப்பினது? நான் விட்டுட்டுப் போனப்போ நாலும் வரிசையா..."

வாய் அப்படியே நின்றது.

இன்ஸ்பெக்டர் வாயில் பெப்பர்மின்ட் கடக்கென்று உடைபட்டது.

"எப்போ விட்டுட்டுப் போனீங்க தலைவரே?" இன்ஸ்பெக்டர் தேனாகக் கேட்டார். "இந்த வீட்டுக்கு வர நேரமே இல்லைன்னீங்க!"

"அது... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"திருப்பினது நான்தான் ஸார்!" அவள் வெடித்தாள். "தம்பின்னு பயந்து செஞ்சுட்டேன். என்னை உள்ள வைங்க, பரவாயில்லை. ஆனா என் தம்பி ஸ்க்ரூவை நிக்கத்தான் வெப்பான். அவன் வேலை செஞ்ச எந்த வீட்டுல வேணாலும் போய்ப் பாருங்க. படுக்க வெச்சது இந்த ஆள்! டீச்சரம்மா நாளைக்கு இவரோட மட்டமான வயரைப் பத்திச் சொல்லப்போறாங்கன்னு தெரிஞ்சு வந்திருக்கார்!"

இன்ஸ்பெக்டர் தன் செல்லை நீட்டினார். திரையில் அந்த மூடி. நாலு கீறல்களும் படுக்கை வசத்தில்.

"வந்தவுடனே நான் எடுத்த படம். நீங்க கலைச்சாலும் எங்கிட்ட பத்திரமா இருக்கு மேடம். ஆனா படத்தைக் காட்டியிருந்தா இவர் கம்முனு இருந்திருப்பார். கோணலைப் பாத்ததும்தான் உண்மை வெளிய வந்துச்சு!"

தலைவர் சுவரில் சாய்ந்தார். "பரிசுப் பையைக் குடுத்தேன்... டீ போடறேன்னு உள்ள போனாங்க... அஞ்சே நிமிஷம்..."

விலங்கு மாட்டினார்கள். ஜீப் கிளம்பியது.

அவள் வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். டீச்சரம்மாவுக்காக... தம்பியைச் சந்தேகப்பட்டதற்காக. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சாட்சியைக் கலைச்சதுக்கு எனக்கு என்ன தண்டனை ஸார்?"

"அதைக் கோர்ட் சொல்லும். கலைச்சதையும் நீங்களே ஒத்துக்கிட்டதையும் சேர்த்தே எழுதறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "என்னைக் கேட்டா சமூக சேவைதான் குடுப்பேன்! எங்க ஸ்டேஷன் லாக்கப்புல ஒரு மாசமா ஃபேன் ஓடலை. அடுத்த லீவுக்கு உங்க ஆளுங்களை அனுப்புங்க."

"எதுக்கு ஸார் அடுத்த லீவு? எங்க தலைவரே உங்க லாக்கப்புக்குத்தானே வர்றார். அவரையே பாக்கச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"வேண்டவே வேண்டாம் மேடம்... அந்த ஆள் ரிப்பேர் பண்ணின ஸ்விட்சை எங்க ஸ்டேஷன்ல எவன் போடுவான்?"