பின்னால் விழுந்த துடுப்பு

அம்மாவும் மகளும் ஏரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவள் ஒரு நாளிதழின் வார இணைப்பில் ஊர் சுற்றும் பக்கத்தை எழுதுகிறவள். நகரத்துக்கு அருகே கயாக் என்ற சிறு துடுப்புப் படகு விட ஏற்ற ஆறுகள், ஏரிகள் பற்றிய கட்டுரைக்கு இந்த ஏரி ஒன்றுதான் பாக்கி. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர், சுற்றிலும் குன்றுகள், கரையில் ஒரு தகரக் கொட்டகை, மரப்பலகை போட்ட படகுத்துறை. வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச காலமாக அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தன. எதுவும் உள்ளே இறங்கவில்லை.

கணவன் போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். காய்ச்சல் என்றுதான் சேர்த்தார்கள். அவள் அழவில்லை. அழுவாள் என்று உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தார்கள். பிறகு அலுத்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"ஒத்தை ஆள் படகெல்லாம் ரிப்பேர்ல கிடக்கும்மா. ரெண்டு பேர் உட்கார்ற படகுதான் இருக்கு" என்றார் படகுக்காரர்.

"பரவாயில்ல, குடுங்க."

"அம்மா, நானும்!" என்றாள் மகள்.

"முதல்ல நான் போய்ப் பார்த்துட்டு வரேன். நல்லா இருந்தா திரும்பி வந்து உன்னை ஏத்திக்கிறேன்."

"போன ஆத்துலயும் இதையேதான் சொன்ன. அப்புறம் நேரமாச்சுன்னுட்ட."

"கேட்டீங்களாம்மா? பத்திரிகைக்காரங்க பேச்சை வீட்டுலயே நம்ப மாட்டேங்கறாங்க" என்று சிரித்தார் படகுக்காரர். "வா பாப்பா, அம்மா கப்பல் ஓட்டட்டும். நாம ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு ரெடியா நிப்போம்."

அவர் குழந்தைக்கு லைஃப் ஜாக்கெட்டின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, அவள் படகில் ஏறித் துடுப்பைப் போட்டாள்.

காற்றில்லை. குன்றுகளின் நிழல் நீரின்மேல் நீண்டுவந்தது. நடு ஏரிக்கு வந்த பிறகுதான் தான் செய்த தவறு அவளுக்கு உறைத்தது.

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள்.

இருவர் படகில் தனியாகப் போகிறவர் பின்னால்தான் உட்கார வேண்டும். முன்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு நீரில் குத்தும், வால் தூக்கிக்கொள்ளும். முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ஆனால் கல்யாணமானதிலிருந்து படகில் அவள் முன்னால், அவன் பின்னால். பழகிய உடம்பு தானாகவே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

மூக்கு குத்தவில்லை.

படகு மட்டமாக மிதந்துகொண்டிருந்தது, பின்னால் ஒரு ஆள் பாரம் இருப்பது போல.

அப்போதுதான் அந்தச் சத்தமும் காதில் விழுந்தது. அவள் துடுப்பு நீரில் இறங்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் இறங்கியது. சளக். சளக். கூடவே, நாள்கணக்கில் ஈரத்தில் ஊறிய துணியின் வாடை.

அவள் பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"வந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

துடுப்பு மட்டும் விழுந்தது. திரும்பிப் பார்க்கலாம்தான்; முன்னால் இருப்பவர் உடம்பைத் திருப்பினால் படகு சாயும். அதனால் திரும்பாமலே பேசினாள். குழந்தைக்கு ஒரு பல் விழுந்ததைச் சொன்னாள். குழாய் ஒழுகுவதைச் சொன்னாள். இத்தனை மாதங்களில் அவள் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை. பேசிக்கொண்டே துடுப்புப் போட்டவளுக்கு ஏதோ ஒன்று இடறியது.

எதுவும் இடிக்கவில்லை.

அவள் கணவனுக்குத் தாளம் வராது. எப்போதும் அரை நொடி பிந்துவான். அவன் துடுப்பு வந்து அவள் துடுப்பில் மோதும். "என்னங்க இது, படகு விடறீங்களா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" என்று ஒவ்வொரு ஏரியிலும் திட்டியிருக்கிறாள். "முன்னாடி போறவளுக்கு என்ன தெரியும் பின்னாடி வர்றவன் கஷ்டம்" என்பான் அவன். கடைசிவரை அவன் திருந்தவில்லை.

இது ஒரு முறைகூடத் தவறவில்லை. அவள் இறக்கும்போது இறங்கி, எடுக்கும்போது எடுத்தது.

இது அவனில்லை.

கையிலிருந்த துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

சளக்.

பின்னால் நிற்கவில்லை.

சளக். சளக்.

படகின் மூக்கு மெல்லத் திரும்பியது. அவள் திருப்பவில்லை. வந்த வழியைப் பார்த்து நேராக நின்று, வேகம் எடுத்தது. தூரத்தில் படகுத்துறையின் கடைசிப் பலகையில் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டோடு மகள் நின்றிருந்தாள். முறை வந்துவிட்டதென்று குதித்துக் குதித்துக் கையாட்டினாள்.

திரும்பி வந்து உன்னை ஏத்திக்கிறேன் என்று அவள் சொன்னது நீருக்கும் கேட்டிருக்கும்.

"வேண்டாம்" என்றாள்.

துறை நெருங்கியது. மகள் ஒரு காலை முன்னே வைத்துத் தயாராக நின்றாள்.

அவள் பக்கவாட்டில் முழு உடம்பையும் சாய்த்துப் படகைக் கவிழ்த்தாள்.

தண்ணீர் ஊசியாகக் குத்தியது. எத்தனையோ மாதங்களில் அவள் உணர்ந்த முதல் விஷயம் அந்தக் குளிர்தான். கணுக்காலை ஏதோ உரசியது, கொடியாக இருக்கலாம். உதறினாள், நீந்தினாள், வாய்க்குள் தண்ணீர் போகப்போகக் கத்தினாள்: "பாப்பாவைத் தூக்குங்க! தண்ணிகிட்ட விடாதீங்க!"

படகுக்காரர் குழந்தையைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கைகொடுத்து ஏற்றினார். "ஆடாத தண்ணியில எப்படிம்மா கவுந்துச்சு? அதுவும் முன்னாடி உட்கார்ந்து அவ்வளவு தூரம் எப்படிப் போனீங்க?"

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள். கட்டுரையில் இந்த ஏரி இருக்காது என்று மட்டும் முடிவு செய்தாள்.

நகரத்துக்குப் போகும் சாலை வெகுதூரம் ஏரியை ஒட்டியே போனது. பின் இருக்கையில் மகளின் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். குழந்தை ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு நீரைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்குடி கை காட்டற?"

"தெரியலம்மா" என்றாள் மகள், கையை இறக்காமல். "அவங்கதான் முதல்ல காட்டினாங்க."