திரும்பிப் பார்த்த கேமரா

காப்பார் பக்கத்துப் படகு ஜெட்டிக்கு யுகேந்திரன் வந்து சேர்ந்தபோது காலை மணி ஏழு. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. சேற்று வாடையும் டீசல் வாடையும் கலந்து வீசின. தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் பாதி மூடுபனிக்குள் நின்றன. காரைவிட்டு இறங்கியவன் டிரோன் பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்து பேட்டரியைப் பார்த்தான். மூன்று நாளாகவே அவன் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது.

அண்ணன் சிவநேசன் ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன், பேச்சு குறைவு. மொட்டையடித்த தலையோடு, வெள்ளைத் துணி கட்டிய மண்சட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தான். அந்தச் சட்டிக்குள் அம்மா இருந்தாள். அறுபத்தெட்டு வயது இராஜம்மா, இரண்டு பிடி சாம்பலாக.

அம்மா கடைசி நாலு நாளும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அண்ணன் அந்த நாலு நாளும் கட்டிலை விட்டு நகரவில்லை. யுகேந்திரனுக்கு வரிசையாகக் கல்யாணப் படமெடுக்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, கிள்ளானில் ஒன்று. இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். நாலாம் நாள் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தின் மேல் டிரோனைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப்பையில் சத்தம் அடக்கி வைத்திருந்த கைப்பேசிக்குப் பதினோரு அழைப்புகள் வந்திருந்தன. அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடிவிட்டிருந்தார்கள்.

"உன்னையேதான்டா கேட்டாங்க," என்று அண்ணன் ஒரே ஒரு தடவை சொன்னான். அதோடு நிறுத்திக்கொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது யுகேந்திரனுக்கு.

பெர்த்தில் இருக்கும் தங்கை லோகேஸ்வரியால் வர முடியவில்லை. அவள் பார்ப்பதற்காகத்தான் டிரோன். அண்ணன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு ஒரு நிபந்தனையோடு சரியென்றான்.

"எடுத்துக்க. ஆனா சட்டிய விட்டதும் கேமராவ மூடிரணும். அம்மா பட்டது போதும்டா. நிம்மதியாப் போகட்டும்."

கரையில் பூசையை முடித்த பண்டாரமும் இதையே சொல்லி அனுப்பினார். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலே சட்டியை விட வேண்டும். விட்டபின் கரை சேரும்வரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிருக்குப் போக மனம் வராதாம். படகோட்டி ராஜனுக்கு இது அத்துப்படி. எத்தனையோ குடும்பங்களை ஏற்றி இறக்கிய அவர் கழுத்து தானாகவே அந்தப் பக்கம் திரும்பாது.

கரை சின்னதாகத் தெரிகிற இடத்தில் ராஜன் படகை மெதுவாக்கினார். யுகேந்திரன் உள்ளங்கையிலிருந்து டிரோனை மேலே அனுப்பினான். தண்ணீருக்கு மேல் தாழப் பறக்கவிடுவதில் அவனுக்கு எட்டு வருடப் பழக்கம். திரையின் மூலையில் இரண்டு எண்கள் தெரியும். மேல் எண், கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது. கீழ் எண், டிரோனின் வயிற்றிலுள்ள உணரி சொல்வது. நேர் கீழே இருக்கிற பொருள் எத்தனை மீட்டர் தள்ளி என்பது. அலையின் மினுமினுப்பில் உணரி ஏமாந்துபோகும், கண்டதையும் காட்டும். அதனால் தண்ணீரின் மேல் கீழ் எண்ணை நம்பாதீர்கள், மூன்று மீட்டருக்குக் கீழே இறக்காதீர்கள் என்று தன்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவனே சொல்லுவான்.

சட்டி விழுந்தது. சாம்பல் பால்போல விரிந்து, ரோஜா இதழ்களுக்கு நடுவே கரைந்தது. ராஜன் படகைக் கரைப்பக்கம் திருப்பினார். மூவரும் கரையையே பார்த்தபடி இருந்தார்கள்.

யுகேந்திரனும் கழுத்தைத் திருப்பவில்லை. ஆனால் டிரோனை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தான். கேமராவை மூடவும் இல்லை.

ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான். உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, போவதையாவது பார்த்துக்கொள்கிறேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரையில் பூவிதழ்கள் தெரிந்தன. வற்றுகிற கடல் அவற்றை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவை நகரவில்லை. ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

மேல் எண் மூன்று. கீழ் எண்ணும் மூன்று.

பிறகு கீழ் எண் இரண்டரை ஆனது.

மினுமினுப்புதான் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் வானம் மூடியிருந்தது. மினுமினுக்க வெயிலே இல்லை.

இரண்டு.

விரல் தானாக டிரோனை உயர்த்தியது. மேல் எண் ஐந்து, பத்து, இருபது என்று ஏறியது. கடல் கீழே போய்விட்டது. பூ வட்டம் திரையில் பொட்டளவுக்குச் சிறுத்துவிட்டது.

கீழ் எண் இரண்டிலேயே நின்றது.

டிரோனுக்கும் கடலுக்கும் நடுவில் திரையில் ஒன்றும் இல்லை. வெறும் காற்று. அந்த வெறும் காற்றில் ஏதோ ஒன்று டிரோனோடு கூடவே ஏறி வந்திருந்தது.

ஒன்றரை.

"தம்பி," என்றான் அண்ணன். கரையைப் பார்த்தபடியே, மெல்லிய குரலில். "பின்னாடி பாக்குறியா?"

"இல்லண்ணே."

பொய் அவ்வளவு எளிதாக வந்தது. பேட்டரி குறைகிறது என்று திரை சிவந்தது. இந்த நேரத்தில் டிரோன் தானாகத் திரும்பினால், கிளம்பிய இடத்துக்குத்தான் போகும், அங்கே இப்போது படகு இல்லை, கடல்தான். விட்டுவிட்டால் போதும். இறங்கி, மூழ்கி, எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். அதுதான் சரி என்று அவனுக்கும் தெரிந்தது. பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை அவனால் ஒளிக்க முடியவில்லை.

அம்மா தன்னைத்தான் கேட்டாள்.

அவன் டிரோனைப் படகை நோக்கி இழுத்தான்.

ஒன்று. முக்கால். அரை.

விர்ரென்ற ஓசை முதுகுப்பக்கமாக நெருங்கியது. படகிலிருந்து பறக்கவிட்டால் கையால்தான் பிடிக்க வேண்டும். வழக்கம்போல வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்தான். தைலமும் ஆஸ்பத்திரி மருந்தும் கலந்த வாடை டீசலை மீறி வந்தது.

கைக்குள் வந்து விழுந்தது.

டிரோன் இல்லை.

டிரோன் அவனைத் தாண்டி, கண்ணெதிரே பத்தடி முன்னால் மிதந்துகொண்டிருந்தது. அவன் கைக்குள் இருந்தது இன்னொரு கை. ஈரமாக, சில்லென்று, எலும்பும் தோலுமாக. புறங்கையில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்திரி அவன் கட்டைவிரலில் உரசியது.

அவன் கத்தவில்லை. விரல்களை மூடிக்கொண்டான்.

டிரோன் தள்ளாடித் தண்ணீரில் விழுந்தது. ராஜன் பதறிப் படகை நிறுத்தப் போனார். "வேணாம், போங்கண்ணே," என்றான் யுகேந்திரன். அண்ணன் அவன் பக்கம் பார்த்தான். காற்றைப் பிடித்தபடி தூக்கியிருந்த தம்பியின் கையைப் பார்த்துவிட்டு மறுபடி கரைப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜெட்டி வரும்வரை யுகேந்திரன் கையை இறக்கவில்லை. ஜெட்டியில் கால் வைத்தபோது கைக்குள் ஒன்றும் இல்லை.

சுபாங் ஜெயா வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தான். உட்கார்ந்தான், எழுந்தான், சன்னலைத் திறந்தான், மூடினான். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சத்தம் தொடங்கியது, இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. முதலில் பழைய ஏர்கான் என்று நினைத்து நிறுத்தினான். பிறகு மின்விசிறியை நிறுத்தினான். கடைசியில் நிறுத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் அண்ணனைக் கைப்பேசியில் கூப்பிட்டான்.

"அண்ணே, கடைசியில அம்மாவுக்கு மூச்சு எப்படிண்ணே இருந்துச்சு?"

"இப்ப எதுக்குடா அது?"

"சொல்லுங்கண்ணே."

அண்ணன் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்.

"இழுக்கிறப்ப நெஞ்சு கரகரன்னு சத்தம் போடும். அப்புறம் அப்படியே நின்னுரும். நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். சில நேரம் எட்டு வரைக்கும் போகும். சரி, முடிஞ்சிருச்சி, கஷ்டம் விட்டுச்சின்னு நெனைப்பேன். திரும்ப இழுப்பாங்க. நாலு நாளு லா தம்பி. இப்பத்தான் கடல்ல விட்டுட்டு வந்து, அம்மா தப்பிச்சாங்கடான்னு படுத்தேன்."

தான் செய்தது என்னவென்று யுகேந்திரனுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கைப்பேசியைக் காதோடு அழுத்தியபடி தன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

சோபாவின் மறுமுனையில், கரகரவென்று இழுத்தது.

நின்றது.

"தம்பி," என்றான் அண்ணன். குரல் மாறியிருந்தது. "உன் பக்கத்துல யாருடா?"

கொஞ்ச நேரத்தில், கைப்பேசிக்குள் மிக மெதுவாக, ஒண்ணு, ரெண்டு என்று அண்ணன் எண்ணத் தொடங்கியது கேட்டது.