சீமாட்டி மிராவா சாகக் கூடாது

"ஐயோ... ஓக்னியென்!"

ராதொய்காவின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

ஜூன் மாதம். பகல் பன்னிரண்டு மணி. எங்கள் நோவி சாத் நகரமே வெயிலில் வதங்கிக்கொண்டிருந்தது.

மேஜைக்கும் நாற்காலிக்கும் நடுவே, தரையில் மல்லாந்து கிடந்தான் ஓக்னியென். வயது முப்பத்தாறு. அந்தச் சின்ன வீடியோ கேம் கம்பெனியின் கதாசிரியன். கண்கள் மூடியிருந்தன. மூச்சு மட்டும் மெல்ல வந்து போனது.

அவன் தலைக்கு மேலே, கம்ப்யூட்டர் திரையில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

சீமாட்டி மிராவா!

மனுஷி இல்லை. இந்த உலகத்தைச் சேர்ந்தவளே இல்லை. நிலைக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்தவள். அந்தக் கம்பெனி ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் திகில் விளையாட்டின் வில்லி.

ஒரு பாழடைந்த கோட்டை... அதில் மாட்டிக்கொண்ட நாலு பேர்... விடிவதற்குள் தப்பிக்க வேண்டும். இதுதான் விளையாட்டு. மிராவா யாரையும் தொட மாட்டாள். கத்தியைத் தூக்க மாட்டாள். பேசுவாள், அவ்வளவுதான். 'உன் சிநேகிதன் தங்கமானவன்தான்... ஆனா விளக்கை ஏன் எப்பவும் அவனே வச்சுக்கறான்?' என்று காதோரம் ஒரே ஒரு வரி. அரை மணி நேரத்தில் நீங்களே உங்கள் சிநேகிதனை நிலவறையில் தள்ளிப் பூட்டிவிட்டு வருவீர்கள். அவளோ நகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ராதொய்கா அந்தக் கம்பெனியின் முதலாளி. அவள் மிராவாவைப் பார்க்கவில்லை. ஓக்னியெனைக்கூட இரண்டாவதாகத்தான் பார்த்தாள்.

முதலில் பார்த்தது ஜன்னல்களை.

இரண்டும் திறந்திருந்தன. அதுவும் எதிரெதிர் ஜன்னல்கள்!

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் துப்பாக்கிக்குப் பயப்படாதவன் உண்டு. மாமியாருக்குப் பயப்படாதவன்கூட உண்டு. எதிரெதிர் ஜன்னல் வழியாக வரும் குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவன் கிடையாது. அது கழுத்தைப் பிடிக்கும். வாயைக் கோணலாக்கும். இடுப்பில் இறங்கினால் ஆளையே தூக்கிவிடும். சிரிக்காதீர்கள். என் சித்தப்பா ஒருத்தர்... சரி விடுங்கள், அது வேற கதை.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டரும் எங்கள் ஊர்க்காரர்தானே? நாடியைப் பிடித்தார். ஜன்னல்களைப் பார்த்தார். உச்சுக் கொட்டினார். குறுக்குக் காற்று என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஓக்னியெனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கால் மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் திஹொமிர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயது. அடர்ந்த மீசை. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றச் சொல்லி, ராதொய்கா ஒரு ஜோடி வீட்டுச் செருப்பைக் கொடுத்தாள். இளஞ்சிவப்பு நிறம். முயல் காது வைத்தது. அவர் அதை மாட்டிக்கொண்டு, நீட்டிய பிளம் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கொலை நடந்த இடத்துக்கு வருகிற நடையிலேயே உள்ளே வந்தார்.

வந்ததும் முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்தினார். அறையில் எல்லோருக்கும் உயிர் வந்தது.

ஒரே ஒருவரைத் தவிர.

ஹென்ட்ரிக். டச்சுக்காரர். விளையாட்டை வெளியிடப் போகும் கம்பெனி அனுப்பிய ஆள். ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறார். முகம் பீட்ரூட்டாய்ச் சிவந்து, சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. எந்த அறைக்குப் போனாலும் ஜன்னலைத் திறந்துவிடுவது அவர் பழக்கம் என்று ராதொய்கா பல்லைக் கடித்தபடி சொன்னாள்.

"இன்னைக்கும் நீங்கதானே திறந்தீங்க?" என்றார் திஹொமிர்.

"நேத்து திறந்தேன். முந்தாநேத்து திறந்தேன். ரெண்டு தடவையும் இந்தம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. இன்னைக்கு நான் இந்தப் பக்கமே வரலை. அது சரி சார்... காத்துப் பட்டு யாராவது மயக்கம் போடுவாங்களா?"

அறையே அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. படித்த மனிதர், பாவம்!

ஹென்ட்ரிக் பேச்சை விட்டுவிட்டு ஒப்பந்தத்துக்கு வந்தார். நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் விளையாட்டின் கடைசி அத்தியாயம் அவர் கைக்கு வந்தாக வேண்டும். எழுதுகிறவன் உடம்பு சரியில்லாமல் படுத்தால் முப்பது நாள் கூடுதலாக உண்டு. ஆனால் காரணமில்லாமல் கெடு தவறினாலோ, கம்பெனிக்குள்ளேயே ஏதாவது தில்லுமுல்லு நடந்திருந்தாலோ, விளையாட்டு மொத்தமும் ஹென்ட்ரிக்கின் கம்பெனிக்குப் போய்விடும். மிராவாவும் சேர்த்து.

"உங்களைக் கூப்பிட்டதே நான்தான். உங்க ரிப்போர்ட்டைத்தான் நம்பப் போறேன் இன்ஸ்பெக்டர்" என்று சொல்லிவிட்டு, மூச்சு விட வெளியே போனார்.

ராதொய்காவின் உதடு துடித்தது. ஏழு வருஷம்! கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, தூக்கத்தை விட்டு வளர்த்த விளையாட்டு. எல்லாம் ஒரு காகிதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"காத்துதான் சார். காத்துன்னே எழுதிடுங்க" என்றாள்.

திஹொமிர் மேஜை மேலிருந்த காப்பிக் கோப்பையை மூக்குக்கு நேரே பிடித்தார். அடியில் கறுப்பு மண்டி. அதற்கு நடுவே... வெள்ளையாய், கரையாத ஏதோ ஒரு பொடி!

அவர் காட்டிக்கொள்ளவில்லை.

கம்பெனியில் இருந்த இன்னொரு ஆளைப் பற்றி விசாரித்தார். வுகாஷின். புரோகிராமர். மிராவாவை நடக்கவும் சிரிக்கவும் வைத்தவன். அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். ஆம்புலன்ஸ் போனதிலிருந்து அடுத்த அறையில் பேய் அறைந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்றாள் ராதொய்கா. கூட வேலை செய்கிறவனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்கிற வருத்தம் என்று அவள் நினைத்தாள்.

"மிராவாவுக்குக் குரல் யாரு?"

"நான்தான் சார். வெளியாள் வைக்க வழியில்லை."

அதற்கு முன்னால் அவள் ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு படித்துக்கொண்டிருந்தவள். நாலு மணி நேரம் வண்டி தாமதம் என்று அவள் சொன்னால், ஜனங்கள் நன்றி சொல்லிவிட்டுக் காத்திருப்பார்களாம். அப்படிப்பட்ட குரல்!

"மைக்கில நீங்க பேசினா திரையில அவ அப்படியே பேசுவாளா?"

"பேசுவா. எதுக்கு சார்?"

ஹென்ட்ரிக்கின் வாயைப் பிடுங்க வேண்டும், அதற்கு முன்னால் உங்கள் ஆளை வைத்து ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்றார் திஹொமிர். என்ன பேச வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவள் சந்தேகப்படவே இல்லை. ஹென்ட்ரிக்குக்கு ஆப்பு வைக்கப் போகிறோம் என்ற குஷியில் மைக் அறைக்கு ஓடினாள்.

வுகாஷின் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அலமாரிக்குப் பின்னால் முயல் செருப்பு தெரியாமல் காலை இழுத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

திரையில் மெழுகுவத்தி அசைந்தது. மிராவா மெதுவாகத் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடியில் அவள் உருவம் மட்டும் திரும்பவில்லை.

"வுகாஷின்... ரொம்பக் களைச்சுப் போயிட்டியே கண்ணு."

வுகாஷின் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டான். பேசுவது ராதொய்கா என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். அந்த மைக்கை மாட்டியதே அவன்தான். ஆனாலும் அந்த முகத்திலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை.

"நான் ஒண்ணும் கேட்க வரலை. ஓக்னியென் கண் முழிச்சுட்டான். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். காப்பி கசந்துச்சாம்..."



பிறகு வுகாஷின் உடைந்தான். திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"உனக்காகத்தான் பண்ணினேன் மிராவா... கடைசி அத்தியாயத்துல கண்ணாடியை உடைச்சு உன்னைக் கொல்லப் போறான். மூணு வாரமா என்கிட்ட அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தான். அத்தியாயம் நாளைக்குப் போகலைன்னா நீ டச்சுக்காரன் கம்பெனிக்குப் போயிடுவே. அவங்க உன்னைப் பத்து பாகத்துக்கு உயிரோட வச்சிருப்பாங்க. ரெண்டே ரெண்டு தூக்க மாத்திரை... வேற ஒண்ணும் பண்ணலை."

மைக் அறையில் நாற்காலி உருண்டு விழுந்தது. ராதொய்கா வாசலில் வந்து நின்றாள். முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"ஏழு வருஷம் கூடவே இருந்தியேடா" என்றாள். அதற்கு மேல் அந்தக் குரல் வரவில்லை.

திஹொமிர் அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"சரி தம்பி. ஜன்னலை எதுக்குத் திறந்தே?"

வுகாஷின் விலுக்கென்று நிமிர்ந்தான். கண்ணீரைத் துடைத்தான். அவனுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது.

"சார், நான் மாத்திரைதான் போட்டேன். நான் ஒண்ணும் கொலைகாரன் இல்லை."

அவன் சொன்னது பொய் இல்லை. இருபத்தைந்து வருஷம் திருடர்களின் முகத்தைப் பார்த்தவருக்கு அது தெரியாதா?

அப்படியானால்... ஜன்னலைத் திறந்தது யார்?

ராதொய்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இவனை நானே தோலை உரிக்கிறேன், ரிப்போர்ட்டில் மட்டும் எழுதிவிடாதீர்கள் என்றாள். உள்ளதைத்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பினார் திஹொமிர். வாசலில் ஹென்ட்ரிக் பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்.

ஆஸ்பத்திரி. மாலை நாலு மணி.

நோயாளி பிரமாதமாக இருக்கிறார் என்றாள் நர்ஸ். குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, இரண்டு தட்டு கோழி சூப்பைக் காலி பண்ணிவிட்டாராம். பிறகு ஒரு பையை எடுத்து நீட்டினாள். அவர் சட்டைக்குள்ளே இருந்ததாம். பரிசோதிக்கும்போது கழற்றி வைத்தார்களாம்.

திஹொமிர் பையைத் திறந்தார்.

ஆட்டு ரோமத்தில் பின்னிய இடுப்புப் பட்டை ஒன்று. இன்னொன்று. கம்பளி பனியன். ஒரு பொட்டலத்தில் பஞ்சு.

"பஞ்சு எதுக்கு?"

"ரெண்டு காதுலயும் இருந்தது சார்."

வெளியே முப்பத்தேழு டிகிரி வெயில்!

திஹொமிர் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். தலையணையில் சாய்ந்திருந்த ஓக்னியென் மரியாதையாக எழுந்து உட்கார்ந்தான்.

"ஜன்னலைத் திறந்தது நீங்கதான்" என்றார் பையை அவன் மடியில் போட்டு.

ஓக்னியென் பையைப் பார்த்தான். காது சிவந்தது. பிறகு சிரித்துவிட்டான்.

"மாத்திரைக்குப் பயமில்லை சார். ஆனா ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல வெறும் இடுப்போட படுக்க முடியலை."

எல்லாவற்றையும் சொன்னான். கடைசி அத்தியாயம் என்று ஒன்று இல்லவே இல்லை. மூன்று மாதமாக ஒரு வரி ஓடவில்லை. வுகாஷின் மிராவா மேல் பைத்தியமாக இருப்பது அவனுக்குத் தெரியும். அவளைக் கொல்லப் போகிறேன் என்று மூன்று வாரம் அவன் காதில் ஓதினான். தன்னுடைய தூக்க மாத்திரை டப்பாவைக் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தான். போடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வுகாஷின் போட்டான். இவன் பார்த்துக்கொண்டே குடித்தான். மருந்து தலைக்கு ஏறுவதற்குள் ஜன்னல்களைத் திறந்துவிட்டுப் படுத்தான். எந்த டாக்டர் வந்தாலும் காற்று என்றுதான் எழுதுவார். முப்பது நாள் கிடைக்கும்.

திஹொமிருக்கு மீசை துடித்தது. அப்படியானால் அந்தக் கோட்டைச் சீமாட்டி... இங்கே, இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள்!

"உங்களை நம்பி ஒரு பொம்பளை ஏழு வருஷத்தைக் கொடுத்திருக்கா. அவகிட்ட உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

ஓக்னியெனின் சிரிப்பு நின்றது. தினமும் காலையில் வந்து, முடிந்ததா என்று கேட்காமல், அவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவாளாம். அதைத் தாங்க முடியவில்லை என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவன் நடிக்கவில்லை.

திஹொமிர் பெருமூச்சு விட்டார். சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட் தாளை எடுத்தார்.

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் உள்ளதைத்தான் எழுதணும்."

"எழுதுங்க சார். நீங்க நேர்மையானவர். நான் குறுக்கே நிற்க மாட்டேன்." ஓக்னியென் போர்வையை நீவிவிட்டான். குரல் வெண்ணெயாய் இறங்கியது. "டாக்டர் காத்துன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். நீங்க இல்லைன்னு போடுவீங்க. அதனால என்ன? இன்ஸ்பெக்டர் திஹொமிருக்குக் குறுக்குக் காத்துல நம்பிக்கை இல்லைன்னு பேப்பர்ல போடுவாங்க... உங்கம்மா பேப்பர் படிப்பாங்களா சார்?"

திஹொமிருக்கு எண்பத்திரண்டு வயசு அம்மா. கண்ணாடி போடாமல் நாலு பேப்பர் படிப்பவள். அவர் அடுத்த வாசலைத் தாண்டுவதற்குள் போன் வரும்.

பேனாவைத் திறந்தார். மயக்கத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'குறுக்குக் காற்று' என்று எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பேனா நின்றது.

"முப்பது நாள்ல எழுதிடுவீங்களா?"

"இப்பத்தான் சார் கதை கிடைச்சுது. மிராவா சாகலை. கோட்டைக்கு ஒரு போலீஸ்காரர் வர்றார். பெரிய கெட்டிக்காரர். அவ குட்டையே உடைச்சுடறார்."

திஹொமிர் மீசையைத் தடவிக்கொண்டார். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனாலும் கேட்டுவிட்டார்.

"கடைசியில... அந்தப் போலீஸ்காரர் பிழைச்சுக்கறாரா?"

ஓக்னியென் தாளை அவர் பக்கமாக மெதுவாக நகர்த்தினான்.

"கையெழுத்தைப் போடுங்க சார்... சொல்றேன்."