சூளையில் மறைந்த பெயர்

பந்து காலேஜ் மைதானத்துச் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. வெறும் தரையில் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நைனா முகம்மது பாயின் பீங்கான் பட்டறை முற்றத்தில், வெயிலில் காயட்டும் என்று பலகையில் வரிசையாக வைத்திருந்த சுடாத கோப்பைகளின் மேல் போய் விழுந்தது. பன்னிரண்டு கோப்பைகளில் பதினொன்று நொறுங்கின.

அம்சவல்லி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ரயில்வேயில் கேங்மேன் வேலை பார்க்கும் நடராசனின் மகள். அந்தப் பட்டறையில் கோப்பைகளுக்குப் பூவும் பெயரும் எழுதுகிறவள். கை எவ்வளவு மெதுவோ, வாய் அவ்வளவு வேகம்.

சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. சுருட்டை முடி... நெற்றியெல்லாம் புழுதி... அந்தப் புழுதிக்கு நடுவே இரண்டு கண்கள். தப்பு செய்த கண்கள்தான். ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தன.

"ஏங்க... பந்து இங்க வந்துதா?"

"வந்துது. பதினோரு கோப்பைய ஒடச்சிப்புட்டு அதோ படுத்திருக்குது. எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அவன் குதித்து உள்ளே வந்தான். உடைந்ததைப் பார்த்ததும் கண்ணில் இருந்த சிரிப்பு போய்விட்டது. மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

"இதுக்கு நான் என்னா செய்யணும், சொல்லுங்க."

"சுடாத மண்ணுதான். தண்ணியில ஊறப்போட்டா மறுபடியும் களியாயிடும். பெசையறதுக்குத்தான் ஆள் வேணும். காலேஜ் தொரைக்கு அதெல்லாம் வருமா?"

குத்தலுக்குத்தான் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அவன் நிஜமாகவே களிமண் தொட்டியில் இறங்கி நின்றான். பெயர் கலியமூர்த்தி. காலேஜ் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் விங் ஆட்டக்காரன். நாலு நாள் பிசைகிறேன் என்று வந்தவன் மூன்று வாரம் வந்தான்.

"பதினோரு கோப்பைக்கு இன்னும் எத்தன வண்டி மண்ணுடி பெசைவாரு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பளபளப்புப் பூச்சான கிளேசில் கோப்பைகளை முக்கும் கமலம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? பாய்கிட்ட கேளு" என்றாள் அம்சவல்லி. ஐந்து மணியானால் அவளுடைய காது வாசலிலேயே இருந்தது கமலத்துக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும்.

ஒருநாள் அவன் அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் ஒருமுறை சுட்ட கோப்பையின் மேல் பேனாவால் அளவுக் கோடு போட்டாள். பிறகு பிரஷ்ஷில் கோபால்ட் சாயத்தைத் தொட்டு அந்தக் கோட்டின் மேல் எழுதினாள்.

"ரெண்டும் கறுப்பாத்தானே இருக்குது?"

"இப்ப கறுப்பு. மேல கிளேசு முக்கினா வெள்ளையா மூடிக்கும், எதுவும் தெரியாது. சூளைக்குப் போயிட்டு வந்தாத்தான் கோபால்ட்டு நீலமா வரும்."

"அப்ப பேனா மையி?"

"அது நெருப்புல எரிஞ்சு போயிடும். இருந்த எடமே தெரியாது."

"அடேயப்பா... ரெண்டும் ஒரே மாதிரி இருந்துகிட்டு, ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஓடிப்போவுது."

"ஆம்பளைங்க பேச்சு மாதிரி" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவன் சிரிக்கவில்லை. "நான் கோபால்ட்டுங்க" என்றான் மெதுவாக. பிரஷ் ஒரு நொடி நின்றது. அந்தக் கோப்பையில் அன்று ஒரு இலை கொஞ்சம் கோணலாக வந்தது.

கார்த்திகை பிறந்தது. மணிமுத்தாறு ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷா வருஷம் காலேஜ் ஃபுட்பால் ஆட்டக்காரர்களில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துக் கோப்பை கொடுக்கும். வெள்ளிக் கோப்பை இல்லை. இந்த ஊர்ச் சூளையில் சுட்ட பீங்கான் கோப்பை. முன்பக்கம் ஆட்டக்காரனின் பெயர். பின்பக்கம், அதை யார் கையால் வாங்க ஆசைப்படுகிறானோ அவர் பெயர். கொடுக்கிறவர் மேடையில் இரண்டு பெயரையும் உரக்கப் படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அம்மா பெயரைச் சொன்னவர்கள் அதிகம், வாத்தியார் பெயரைச் சொன்னவர்களும் உண்டு. முந்தின வருஷம் ஒரு கோல்கீப்பர் மாமன் மகள் பெயரைச் சொன்னான், ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதிலிருந்து, கல்யாணமாகாத பையன் கல்யாணமாகாத பெண்ணின் பெயரைச் சொன்னால் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இந்த வருஷம் மூன்று பேரில் கலியமூர்த்தியும் ஒருவன். கடலூரில் ஒரு மேட்ச் பாக்கி இருந்தது. புறப்படுவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்தான்.

"ஞாயித்துக்கெழம வந்துடுவேன். வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளுங்களேன்."

"இப்ப... தைரியம் வரலீங்க. போயிட்டு வரேன்."

அவன் போன பிறகு அவள் மூன்று தட்டில் பூ எழுதினாள். மூன்றிலும் பூ சிரித்தது என்று கமலம் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கிளப்பிலிருந்து பட்டியல் வந்தது. செக்ரட்டரியின் கையெழுத்து. முதல் இரண்டு கோப்பைகளுக்கு அம்மா பெயர்கள். மூன்றாவது வரியை அம்சவல்லி படித்தாள்... மறுபடியும் படித்தாள்.

'கலியமூர்த்தி. வழங்குபவர்: ராஜாம்பாள்.'

ராஜாம்பாளை ஊரில் தெரியாதவர் கிடையாது. கிளப் தலைவர் ஆதிநாராயணனின் ஒரே மகள். அவருக்கு இரண்டு ரைஸ் மில். அந்தப் பெண்ணுக்கு ரோஜாப்பூ நிறம், இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை.

அம்சவல்லிக்கு வயிறு எரிந்தது. கேட்க நினைத்தது இதுதானா? 'பேரை நல்லா எழுதிக் குடுங்க'ன்னு கேக்கத்தான் தைரியம் வரலியா? மூன்று வாரம் மண் பிசைந்தவனுக்கு, ஒரு பெயர் சொல்லும்போது மில்லுக்காரர் வீடுதான் ஞாபகம் வந்ததா... கேங்மேன் மகள் எழுதிக் கொடுக்க, மில்லுக்காரர் மகள் எடுத்துக் கொடுக்க, நன்றாகத்தான் இருக்கிறது ஏற்பாடு.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுபோல அன்று மத்தியானமே ராஜாம்பாள் பட்டறைக்கு வந்தாள்.

"என் பேரு எழுதுற கோப்பை எதுங்க?"

அம்சவல்லி காட்டினாள்.

"அழகா எழுதுவீங்களாமே. அவரு... இங்க அடிக்கடி வருவாராமே?"

"மண்ணு பெசைய வருவாரு."

"பாவம்" என்று சொல்லி ராஜாம்பாள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கர்வமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. அவள் நல்ல பெண்ணாக இருந்ததுதான் அம்சவல்லிக்குத் தாங்கவில்லை. கெட்டவளாக இருந்தாலாவது மனதாரத் திட்டியிருக்கலாம். போகும்போது அவள் கண்ணாடி வளையல்கள் குலுங்கின. அந்தச் சத்தம் பட்டறையை விட்டுப் போக வெகுநேரம் ஆயிற்று.

அம்சவல்லி கோப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முன்பக்கம் 'கலியமூர்த்தி' என்று கோபால்ட்டில் எழுதினாள். அவ்வளவு அழகாக அவள் எந்தப் பெயரையும் எழுதியதில்லை. அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. பிறகு கோப்பையைத் திருப்பினாள். பிரஷ்ஷை எடுத்தாள்... வைத்தாள். பேனாவை எடுத்தாள்.

'ராஜாம்பாள்.' கறுப்பு மையில், கோபால்ட்டில் எழுதியதுபோலவே, தடிமனாக, திருத்தமாக எழுதினாள். பாய் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். கமலம் கிளேசில் முக்கினாள். இரண்டு பெயரும் வெள்ளைக்குள் மறைந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கலியமூர்த்தி வந்தான். மேட்ச் ஜெயித்த முகம். அவளைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தது.

"அம்சவல்லி, ஒரு வார்த்த..."

அவன் பெயர் சொல்லி அழைத்தது அன்றுதான் முதல் தடவை. ஆனாலும் ரோஷம் அவளை முந்திக்கொண்டு பேசியது.

"எனக்கு வேல இருக்குது. உங்க பேரு, உங்களுக்குக் குடுக்கறவங்க பேரு எல்லாம் எழுதியாச்சு. காலையிலயே சூளை மூடியாச்சு."

"மூடியாச்சா?" அவன் முகம் சட்டென்று வாடியது. "யாரு பேர..."

"நல்லாத்தான் எழுதியிருக்கேன். கவலப்படாம போங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். அவனுக்கும் ரோஷம் இருந்தது. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. 'பார், வேலை முடிந்ததும் வரவில்லை' என்றது பொறாமை. அதன் பேச்சை அவள் அப்படியே நம்பினாள்.

புதன்கிழமை காலையில் சூளை திறந்தார்கள். சாயங்காலம் விழா. பாய் கோப்பையை எடுத்துத் துணியால் துடைத்தார். முன்பக்கம் கலியமூர்த்தியின் பெயர் பளிச்சென்று நீலமாக நின்றது. திருப்பினார்... வெள்ளை. சுத்தமான வெள்ளை.

பாய் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோபால்ட்டு எரியாது புள்ள. இது மை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மட்டும் சொட்டியது. அந்த வெள்ளையைப் பார்த்தால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. எத்தனை கேவலமான காரியம் செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான் வந்தது.

"இப்ப திருப்பிச் சுட நேரமில்ல" என்றார் பாய். "யாராச்சும் கேட்டா சூளைக் கோளாறுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

காலேஜ் மைதானத்தில் பந்தல் போட்டு, மைக் கட்டியிருந்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. அம்சவல்லி மேடைக்குப் பக்கத்தில், கோப்பைகள் வைத்திருந்த மேஜையருகே நின்றாள். முதல் இரண்டு கோப்பைகளை இரண்டு அம்மாக்கள் வந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்தார்கள். அடுத்து ஆதிநாராயணன் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம லெஃப்ட் விங் கலியமூர்த்திக்கு... எங்க ராஜாம்பாள் கையால..."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிலர் அர்த்தத்தோடு சிரித்தார்கள். மேடைப் படியில் கால் வைத்த கலியமூர்த்தி அப்படியே நின்றான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை, திகைப்பு. அம்சவல்லி அதைப் பார்த்தாள். ஏன் திகைக்கிறான்?

ராஜாம்பாள் கோப்பையை எடுத்து முன்பக்கத்தைப் படித்தாள். திருப்பினாள். மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது.

"இதுல பேரே இல்லியேப்பா."

மைதானமே கேட்டது. ஆதிநாராயணனின் முகம் சிவந்தது. "என்ன பாய் வேல இது? என் பொண்ணு பேர எழுதாம விடுறதுக்கு எவ்வளவு துணிச்சல்?"

நைனா முகம்மது பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அறுபது வயதில், ஊர் நடுவில், செய்யாத தப்புக்குக் கைகட்டி நின்றார். "மன்னிச்சுக்குங்க. சூளையில..."

அதற்குமேல் அம்சவல்லியால் நிற்க முடியவில்லை. மேடையேறினாள்.

"பாய் மேல தப்பில்லீங்க. சூளையும் சரியாத்தான் இருந்துது. நான்தான் அந்தப் பேர பேனா மையில எழுதினேன்... போவட்டும்னு."

"ஏன்?" என்றார் ஆதிநாராயணன்.

தூறல் மட்டும் பந்தல்மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே ஒருவனுக்கு அந்த ஏன் புரிந்துவிட்டது. மை என்ன ஆகும் என்று அவளிடமே பாடம் கேட்டவன் அவன். படியில் நின்றிருந்த கலியமூர்த்தி மேலே வந்தான்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. நான் அந்த எடத்த காலியா விட்டுத்தான் செக்ரட்டரிகிட்ட குடுத்தேன். கடலூருலேருந்து வந்து, அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுப் பேரு சொல்றேன்னு சொல்லியிருந்தேன். கேக்கப் போனா... சூளை மூடியாச்சுன்னாங்க."

செக்ரட்டரி மெல்லத் தலைவரைப் பார்த்தார். ஆதிநாராயணன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். காலியாக இருந்த இடத்தில் யார் சொல்லி எந்தப் பெயர் ஏறியது என்பது அங்கேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

"அப்பா, நீங்களா எழுதச் சொன்னீங்க? அவரு சொன்னாருன்னு இல்ல என்கிட்ட சொன்னீங்க" என்றாள் ராஜாம்பாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் நிமிர்ந்துதான் நின்றாள். கோப்பையை அம்சவல்லியிடம் நீட்டினாள். "இந்தாங்க. உங்க வேலைய நீங்களே முடிங்க."

அம்சவல்லி அதை வாங்கிக்கொண்டாள். முன்பக்கத்தைப் படித்தாள். "கலியமூர்த்தி." பின்பக்கம் திருப்பி அப்படியே நின்றாள்.

"படிங்க" என்றான் அவன்.

"ஒண்ணுமில்லியே..."

"இருக்குது. உங்களுக்குத்தான் தெரியும்."

அவள் பெயரை அவளே சொன்னாள். மைக்கில் பாதிதான் கேட்டது. கைதட்டலில் மீதி போய்விட்டது.

விழா முடிந்து, அப்பாவுக்கு விஷயம் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தாள். பட்டறை வாசல் தகரத்தின் கீழே மழைக்கு ஒதுங்கினாள். பின்னாலேயே அவனும் வந்து ஒதுங்கினான், கோப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

"ஏன் மையில எழுதின?"

'நீங்க' போய்விட்டதை அவள் கவனித்தாள். கவனிக்காதவள்போல மழையைப் பார்த்தாள்.

"பொறாம... வேற என்ன? உங்க பேருக்குப் பின்னால வேற யாரு பேரும் நிக்கறது எனக்குப் பொறுக்கல. போதுமா?"

"போதும். இதக் கேக்கத்தான் மூணு வாரம் மண்ணு பெசைஞ்சேன். ஞாயித்துக்கெழம உன் பேர எழுதிக்கட்டுமான்னு கேக்க வந்தேன், நீ வேல இருக்குதுன்னுட்ட."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க அப்பாகிட்ட யாரு பேசறது?"

"காலையில நான் வரேன் உங்க வூட்டுக்கு." சட்டைக்குள்ளிருந்து கோப்பையை எடுத்து அவள் கையில் வைத்தான். "அடுத்த சூளைக்கு இது மறுபடியும் போவட்டும்."

அவள் அந்த வெறும் வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தாள். "ஆனா அந்த ராஜாம்பாள் ரொம்ப நல்ல பொண்ணு" என்றாள். பெருமூச்சு தானாக வந்தது.

"இன்னுமா எரியுது?"

"கொஞ்சம்."

அவன் பட்டறைக்குள் எட்டி, அவளுடைய பிரஷ்ஷைத் தட்டிலிருந்து எடுத்து நீட்டினான்.

"எழுது. இந்தத் தடவ மை வேணாம்."