ஆமைமலைக்கு இரண்டு பாட்டில் தண்ணீர்

“அது ஷூ கழுவுற தண்ணி இல்லங்க.”

“தண்ணில அப்படியெல்லாம் எழுதி ஒட்டியிருக்கா என்ன?”

“ஒட்டியிருக்கு. பாட்டிலத் திருப்பிப் பாருங்க.”

ருவோலின் திருப்பிப் பார்த்தாள். நீல மையில் குண்டு குண்டான எழுத்துகள். ‘ஆமைமலை உச்சித் தேநீர்க் கொட்டகைக்கு.’ பாட்டிலில் இரண்டு விரற்கடைத் தண்ணீர்தான் மிச்சமிருந்தது. மீதியெல்லாம் அவளுடைய புத்தம்புது வெள்ளை ஷூவின் மேல் ஓடி, படியில் வழிந்து, ஒரு நத்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது.

“கீழ வரிசையா வச்சிருந்தாங்க. ‘ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்’னு பலகை வேற இருந்துச்சே!”

“அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குமே… ‘மேலே கொண்டுபோய்ச் சேருங்கள்’னு?”

“அந்த வரிய மறைச்சுக்கிட்டு ஒரு ஸ்கூட்டர் நின்னுச்சு!”

பக்கத்தில் நின்ற பெய்ச்சுன் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தோழி என்று பெயர். இந்தச் சனிக்கிழமை காலையில் ஆறு மணிக்கு எழுப்பி, ‘சும்மா ஒரு நடை’ என்று பொய் சொல்லி இங்கே இழுத்து வந்ததும் அவள்தான்.

எதிரே நின்றவனுக்கும் பதினெட்டு வயதுதான் இருக்கும். முதுகில் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஆறு பாட்டில் தண்ணீர். மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்… ஊறி முடித்த ஊலாங் தேநீர் நிறம். சூடான, தெளிந்த நிறம். ‘இந்த நேரத்துல கண்ணு நிறம் ரொம்ப முக்கியம் பாரு’ என்று ருவோலின் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“உச்சில குழாய் கிடையாது,” என்றான் அவன். “ஏறுறவங்க ஆளுக்கொண்ணு தூக்கிட்டு வந்தாதான் அங்க கெட்டில் கொதிக்கும். மலைக்குப் புதுசா?”

புதுசுதான். தைச்சுங் நகரத்தில் பிறந்து, இந்த ஆமைமலையை ஜன்னல் வழியாகவே பதினெட்டு வருஷம் பார்த்தவள். ‘ஆமாங்க, புதுசு, மன்னிச்சுக்கோங்க’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புருவம்… லேசாக ஏறிய அந்த இடதுபுருவம் அவளைச் சும்மா இருக்க விடவில்லை.

“நானா புதுசு? வாராவாரம் ஏறுறவ நான். ஆனா இந்த மாதிரிக் குட்டி மலைக்கெல்லாம் வர்றதில்ல. பெரிய மலைதான். மூவாயிரம் மீட்டர்.”

பெய்ச்சுன் வாயைத் திறந்தாள். ருவோலின் அவள் கால்விரலை மிதித்தாள். பெய்ச்சுன் வாயை மூடிக்கொண்டாள்.

“இந்த ஷூ போட்டுக்கிட்டா?” என்றான் அவன், சந்தேகமாக.

“மலை ஷூ வீட்ல காயுது. பேச்ச விடுங்க. நான் கீழ போய் ரெண்டு பாட்டில் கொண்டு வரேன். ஒண்ணு கடனுக்கு. ஒண்ணு… உங்க புருவத்துக்கு.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கினாள். திரும்பி ஏறும்போதுதான் தெரிந்தது, பெருமைக்கும் எடை உண்டு, அது பாட்டிலுக்கு இரண்டு கிலோ என்று. முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. இறங்கி வந்த ஒவ்வொருவரும், “இன்னும் பத்தே நிமிஷம், விடாதம்மா!” என்று உற்சாகமாகப் பொய் சொன்னார்கள். ஐந்தாவது பத்து நிமிஷத்தில் அவள் ஒரு மரவேரில் உட்கார்ந்து எல்லா மலைகளையும் சபித்தாள்.

உச்சிக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகை. சதுரங்கம் ஆடும் இரண்டு பெரியவர்கள். முன்பே வந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த பெய்ச்சுன். அடுப்பருகே அவன். பாட்டில்களை வாங்கிக்கொண்டு, இரண்டு வாய் கொள்ளும் சின்னக் கோப்பை ஒன்றை நீட்டினான்.

ருவோலினுக்குத் தேநீர் என்றால் கடை. கடை என்றால் ‘அரைச் சர்க்கரை, கொஞ்சம் ஐஸ், ஜவ்வரிசி உருண்டை கூடுதல்.’ இதில் சர்க்கரையும் இல்லை, ஐஸும் இல்லை. ஸ்ட்ரா எங்கே என்று கேட்கப் போனவள் நல்லவேளையாக நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்தாள். கசந்தது. அப்புறம்… தொண்டைக்குள் எங்கிருந்தோ மெல்ல ஓர் இனிப்பு எழுந்து வந்தது.

“எப்படி?”

“ம்… சுமார்.”

அவன் சிரித்தான். தகரத்தில் மழை அடித்த அடியில் அந்தச் சிரிப்பின் சத்தம் கேட்கவில்லை. கண்களில் மட்டும் தெரிந்தது. அவன் பெயர் யென்ஷுன் என்பதும், சனிக்கிழமைதோறும் கெட்டிலைப் பார்த்துக்கொள்வது அவன் முறை என்பதும் அந்த மழை விடுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமையும் போனாள், இரண்டு பாட்டிலோடு. அதற்கடுத்த சனியும்.

“கடன்தான் அன்னிக்கே அடைஞ்சிருச்சே?” என்றாள் பெய்ச்சுன்.

“உடம்புக்கு நல்லதுடி.”

“எந்த உடம்புக்கு? ஊலாங் கண்ணு இருக்கே, அந்த உடம்புக்கா?”

யென்ஷுன் கேள்வி கேட்பான். எந்தெந்த மலை ஏறியிருக்கிறாய், பனியில் எப்படி நடப்பாய், மூச்சு முட்டினால் என்ன செய்வாய்… ஞாயிறு முதல் வெள்ளிவரை மலைப் புத்தகம் படித்து, சனிக்கிழமை மேலே வந்து ஒப்பிப்பாள் ருவோலின். மூன்று பெரிய மலைகளை அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏறி முடித்திருந்தாள். அவனும் சும்மா இருக்கவில்லை. “நானும் ரெண்டு ஏறியிருக்கேன்,” என்றான் ஒரு நாள். “உன் அளவுக்கு இல்ல.”

பள்ளியில் மதியம் எல்லாருக்கும் தேநீர் வரவழைப்பவள் ருவோலின்தான். முப்பத்தோரு பேர், யாருக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஐஸ் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒரு புதன்கிழமை தன் பெயருக்கு எதிரே யோசிக்காமல் ‘சர்க்கரை வேண்டாம், சூடாக’ என்று எழுதிவிட்டாள். வகுப்பே எழுந்து நின்றது. பின்வரிசைப் பையன் அவள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தான்.

“காய்ச்சல் இல்ல,” என்றாள் பெய்ச்சுன். “இது வேற.”

ஒன்பதாவது சனிக்கிழமை, தேநீரில் வேகவைத்த முட்டையை அவளுக்கு உரித்துக் கொடுத்துக்கொண்டே யென்ஷுன் சொன்னான்:

“எங்க பெரியப்பா பையன் ஒரு குழு கூட்டிட்டுப் போறாரு. ஷுவேஷான்.”

முட்டை தொண்டையில் நின்றது. ஷுவேஷான்… மூவாயிரத்து எண்ணூறு மீட்டருக்கும் மேல்.

“நாலு பேர்ல ஒருத்தர் கழண்டுட்டாரு. உன்ன விட்டா எனக்கு வேற யாரும்… அதாவது, ஏறத் தெரிஞ்சவங்க வேற யாரும் தெரியாது. நீ வந்தா எனக்கு… எல்லாருக்கும் தைரியமா இருக்கும். அனுமதி மனுவுல பேர் கொடுக்கணும். அடுத்த சனிக்கிழமைக்குள்ள சொல்றியா?”

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றாள். குரல் நத்தையின் குரல்போல வந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் யோசிக்கவில்லை. நடுங்கினாள். போனால்? பாதி வழியில் விழுந்து, அவளை மூன்று பேர் சுமந்துகொண்டு இறங்க வேண்டும். தண்ணீர் பாட்டில் போல. உண்மையைச் சொன்னால்? ஒன்பது சனிக்கிழமை கதையளந்தவளை அவன் எப்படிப் பார்ப்பான்? அந்தப் புருவம் இறங்கவே இறங்காது. கண்கள் ஆறிப்போய்விடும்…

“வெள்ளிக்கிழமை கால் சுளுக்கிடுச்சுன்னு சொல்லிடட்டுமா?” என்றாள் தேநீர்க்கடை வாசலில்.

பெய்ச்சுன் ஸ்ட்ராவில் கடைசி உருண்டையை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சொன்னாள்: “சுளுக்கு ஆறினதும் அடுத்த மலைக்குக் கூப்பிடுவான். அப்போ என்ன, காலையே வெட்டிப்பியா? போய்ச் சொல்லித் தொலைடி. உன்னை நம்பி ஒருத்தன் பனிக்குள்ள போறான்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் குத்தியது.

சனிக்கிழமை கொட்டும் மழை. ‘இன்னிக்கு அவன் வராம இருந்தா நல்லாயிருக்கும்’ என்று ஒவ்வொரு படியிலும் வேண்டினாள். ‘வராம இருந்துடுவானோ’ என்று அடுத்த படியில் பயந்தாள். இப்படியே ஏறியதில் உச்சி சீக்கிரம் வந்துவிட்டது. மூச்சுக்கூட வாங்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. யென்ஷுன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.

“வந்துட்டியா! அண்ணன் தாள் கொடுத்திருக்காரு…”

“நான் பேசி முடிக்கிறவரைக்கும் நீ பேசாத,” என்றாள் ருவோலின். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “நான் ஷுவேஷான் ஏறினதில்ல. எதுவுமே ஏறினதில்ல. அந்த மூணு மலையும் புத்தகம். பனியில நடக்கிற விதமும் புத்தகம். முதல் நாள்தான் என் வாழ்க்கைலயே முதல் மலை. வீட்ல மலை ஷூ எதுவும் காயல. எனக்கு மலையே பிடிக்காது, யென்ஷுன். செங்குத்தா இருக்கு. அட்டை இருக்கு. எல்லாரும் பத்து நிமிஷம்னு பொய் சொல்றாங்க…”

மூச்சு விட்டாள். மிச்சம் ஒன்றுதான் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கனம்.

“நீ மேல இருக்கேங்கிறதாலதான் ஏறினேன்.”

கெட்டில் கொதிக்கத் தொடங்கியது. இறக்கி வைக்க வேண்டியவன் அசையவில்லை. அவன் முகத்தில் கோபத்தைத் தேடினாள், இல்லை. சிரிப்பைத் தேடினாள், அதுவும் இல்லை. அப்பட்டமான பீதி இருந்தது.

“ஒண்ணுகூட ஏறினதில்லையா?”

“இல்ல.”

“ஐயோ… உன்ன நம்பித்தானே நான் பேர் கொடுத்தேன்!”

“என்னது?”

“நானும் ஏறினதில்ல.” அவன் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். “நீ மூணுன்னு சொன்ன. நான் சைபர்னு எப்படிச் சொல்றது? ரெண்டுன்னு விட்டேன். இந்த ஆமைமலைய விட்டா எனக்கு வேற மலையே தெரியாது. அண்ணன் கூப்பிட்டப்போ முடியாதுன்னுதான் சொன்னேன். அப்புறம், நீ பக்கத்துல நடந்தா எதுனாலும் பாத்துப்பன்னு… ரெண்டு மாசமா உன் முன்னாடி மூச்சு வாங்கக் கூடாதுன்னு வாரம் மூணு நாள் ஏறிப் பழகினேன் தெரியுமா? புதன்கிழமை எல்லாம் செத்துப் பொழைச்சேன்.”

ருவோலின் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். முதலில் யார் சிரித்தது என்று இருவருக்குமே பின்னால் நினைவில்லை. கெட்டில் பொங்கி அடுப்பு அணைந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

“அப்போ நீயும் போகலதானே?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது.

“போறேன். பழகின பிறகு ஆசை வந்துடுச்சு. அண்ணன் இருக்காரு, பதினேழு தடவை போனவரு, அவரு நிஜமாவே. நாலாவது இடத்துக்கு வேற ஆளும் கிடைச்சிரும். ஆனா பயமா இருக்கு. உன்கிட்ட மட்டும் சொல்றேன்.”

மழை தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் மனசுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. பெருமை பேசிய யென்ஷுனைவிட, பயமாக இருக்கிறது என்று சொன்ன இந்த யென்ஷுனின் கண்களைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பார்வையை எடுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவன் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே ஒரு தாள். தொடைமேல் விரித்து நீவிவிட்டான்.

“அண்ணன் ஆளுக்கொண்ணு நிரப்பச் சொன்னாரு. இங்க பாரு. மலைக்கு வராதவங்களுக்கும் இதுல ஓர் இடம் இருக்கு.”

குனிந்து பார்த்தாள். கடைசியில் ஒரு கட்டம். ‘கீழே காத்திருப்பவர்.’

“நான் எப்போ ஏறுறேன், எந்த வழி, எப்போ இறங்குவேன்னு இவங்ககிட்டத்தான் சொல்லிட்டுப் போகணும். இறங்கினதும் முதல் போன் இவங்களுக்குத்தான். சொன்ன நேரத்துல போன் வரலைன்னா, ஆளத் தேடச் சொல்றதும் இவங்கதான். மத்த எல்லாரும் அம்மா பேர எழுதியிருக்காங்க.”

“நீயும் அம்மா பேரயே எழுதலாமே?”

“எங்கம்மாவா? அஞ்சு நிமிஷம் லேட்டானா அவங்களே ஹெலிகாப்டர் ஓட்டிட்டு வந்துருவாங்க.” சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை. காதுமடல் சிவந்தது. “அவ்வளவு உயரத்துல நிக்கும்போது, யார்கிட்ட இறங்கிப் போகணும்னு நினைச்சா கால் தைரியமா நடக்குமோ… அவங்க பேரத்தான் எழுதணும்னு தோணுச்சு. முதல் நாள் நீ கடனுக்கு ஒண்ணு, புருவத்துக்கு ஒண்ணுன்னு சொன்னப்பவே எனக்கு உன்னப் பிடிச்சிருச்சு. இத்தனை வாரமா சொல்ல வாய் வரல. நீ பெரிய மலைக்காரின்னு ஒரு பயம்.”

அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான். கட்டத்தில் அவள் பெயரை எழுதினான், மெதுவாக, ஒவ்வொரு கோடாக. தொலைபேசி எண்ணையும் எழுதினான், எதையும் பார்க்காமல். அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சின்னக் கட்டம் காலியாக இருந்தது. அங்கே வந்ததும் பேனா நின்றது.

“இதுல ‘உறவு’ன்னு கேட்டிருக்காங்க…” தாளையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான். நிமிர்ந்து பார்க்கவில்லை. “இத மட்டும் நீ எழுதித் தாயேன்.”