பச்சைத் திரை பொய் சொன்னது!

அந்த அலுவலக அறையில் இருந்தவர்கள் பின்வருமாறு.

இன்ஸ்பெக்டர் அஸ்கர், முதலாளியின் சுழல் நாற்காலியில்.

நிருஷா, பழைய கொம்பியூட்டருக்கு முன்னால், ஸ்டூலில். அந்த ஐஸ் ஃபெக்டரியின் ஒப்பரேட்டர்.

பஹ்மி, ஜன்னலோரம் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில். காத்தான்குடியில் கொம்பியூட்டர் திருத்தும் கடைக்காரர்.

கோணாமலை, வாசற்படிக்கு வெளியே, பிளாஸ்டிக் கதிரையில். ஃபெக்டரியின் இரண்டாவது முதலாளி.

முதலாவது முதலாளி உதயரூபன் மட்டும் உட்காரவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், எஞ்சின் அறைத் தரையில் குப்புறக் கிடந்தார்!

அமோனியா!

ஐஸ் உறையவைக்கும் வாயு. அடைத்த அறைக்குள் கசிந்தால் எமன். கசிகிறதா என்று அந்தக் கொம்பியூட்டர் கண்காணிக்கும். காற்றுச் சுத்தமென்றால் திரை பச்சை. கசிந்தால் சிவப்பு... கூடவே சைரன்!

"காலையில திரை என்ன நிறம்?" அஸ்கர் கேட்டார்.

"பச்சையாம் சேர்..." நிருஷாவின் குரல் உடைந்தது. "ஐஸ் ஏத்த வந்தவங்களும் ஜன்னலால பாத்திருக்கிறாங்க. ரூபன் அண்ணன் பச்சையப் பாத்திட்டுத்தான் எஞ்சின் அறைக் கதவத் திறந்தவர்."

"அமோனியா மூக்கப் பிய்க்குமே! மணக்கல்லையா அவருக்கு?"

"கொரோனா வந்து போனதில இருந்து அவருக்கு மணமே தெரியாது சேர். இந்த மெஷின்தான் அவருக்கு மூக்கு."

வாசலுக்கு வெளியே இருந்து ஒரு கனைப்பு.

"அந்த மூக்கச் செஞ்சது ஆரெண்டு கேளுங்க!" என்றார் கோணாமலை. "புரோகிராம் எழுதினது இந்தப் புள்ளதான். கொல செஞ்சதும் இந்தப் புள்ளதான்!"

"ஐயோ... இல்ல சேர்!"

அஸ்கர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பஹ்மி, மெஷினத் திறந்து பாத்தா காலையில என்ன ஓடினதெண்டு தெரியாதா?"

பஹ்மி உதட்டைப் பிதுக்கினார்.

"தெரியா சேர். இதுக்கு ஹார்ட் டிஸ்க் இல்ல. அது செத்து மௌத்தாகிக் கனகாலம். ஒரு ஃப்ளொப்பிதான். ஒரு பாட்டுக்கூடக் கொள்ளாத தட்டு... அதுக்குள்ள ஒரு முழு ஒப்பரேட்டிங் சிஸ்டம்! ஆன் பண்ணினா அப்பிடியே மெமரிக்கு ஏறிரும். மறுகா ஃப்ளொப்பியக் கழட்டினாலும் ஓடும்."

"கரண்ட் போனா?"

"எல்லாம் மறந்திரும். அவர் விழுந்த உடன வந்தவங்க பயத்தில மெயின் சுவிட்ச இழுத்திட்டாங்களே..."

"புது மெஷின் ஒண்டு வாங்கித் தொலைக்கேலாதா?"

"வாயுவக் கண்டுபிடிக்கிற கார்ட் பழைய மெஷின்லதான் வேல செய்யும் சேர்."

"ட்ரைவுக்குள்ள இருந்தது ஆருட ஃப்ளொப்பி?"

"இந்தத் தங்கச்சிடதான். இப்ப போட்டுப் பாத்தன். அமோனியாவக் காட்டின உடன சைரன் அடிக்கிது."

"இப்ப அடிக்கும்!" கோணாமலை கத்தினார். "காலையில ஏன் அடிக்கல்ல? சொல்லு புள்ள!"

நிருஷா வாயைத் திறந்தாள்.

என்ன சொல்வது?

அவளுடைய ஃப்ளொப்பி. அவளுடைய புரோகிராம். அவள் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஜீவன் அந்த மெஷின்... அதற்கோ நினைவே இல்லை!

இன்று விளக்கமறியல் சிறை. நாளை? வாவியின் காற்று ஜன்னலால் வந்து அவள் கன்னத்து ஈரத்தை உலர்த்தப் பார்த்தது. முடியவில்லை.

"நீங்க ஏன் வெளியில இருக்கிறீங்க?" அஸ்கர் வாசலைப் பார்த்தார்.

"சாவுத் துடக்கு சேர். பெரியப்பா மோசம் போயிட்டார். கும்பம் வெச்ச இடத்துக்குள்ள காலடி வைக்கப்படாது. நேத்து இஞ்ச வாணி விழாப் பூசை... நான் எட்டியும் பாக்கல்ல. வீட்டிலயும் சாமியறை பூட்டினபடி. சந்தனம், குங்குமம் ஒண்டும் கண்ணாலயும் காணல்ல!"

அறை மூலையில் கும்பம் இருந்தது. அதற்கு முன்னால் ஸ்பேனர், தராசு, ஐஸ் வெட்டும் வாள்... எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு.

"உங்களுக்கும் அவருக்கும் பிரச்சின ஒண்டும் இல்லையா?"

"இருக்கு சேர்!" நிருஷா முந்திக்கொண்டாள். "இந்த வாவிக்கரைக் காணிய ஹோட்டலுக்குக் குடுக்கச் சொல்லி ஒரே சண்ட. ரூபன் அண்ணன் மாட்டன் எண்டிட்டார்."

"தப்புறதுக்கு என்னத்தையும் சொல்லுவா!" கோணாமலை சட்டைப்பையிலிருந்து ஒரு ஃப்ளொப்பியை எடுத்தார். "சேர், இது என்ர பழைய ஃப்ளொப்பி. வெறும் சிஸ்டம். இதப் போட்டுப் பாருங்க. மெஷின் சுகமா எழும்பினா, பிழை இவட புரோகிராம்லதான்!"

"இது எங்க கிடந்தது?"

"வீட்டு அலுமாரியில. இவ வேலைக்கு வந்த நாள்ல இருந்து இத நான் இந்த மெஷின்ல போட்டதே இல்ல."

படியைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டினார்.

பஹ்மி வாங்கி ட்ரைவ் பக்கம் கொண்டுபோக...

"பொறுங்க!"

அஸ்கர் ஃப்ளொப்பியைப் பறித்தார். அதன் உலோக மூடியை நகத்தால் தள்ளினார்.

புருவம் ஏறியது.

"நான் வாணி விழாக் கொண்டாடுற ஆள் இல்ல. அதாலதான் கேக்கிறன்... மூடிக்குக் கீழ இதென்ன, மஞ்சளும் சிவப்புமா?"

நிருஷா எட்டிப் பார்த்தாள்.

"சந்தனம் சேர்... குங்குமம்! நேத்துப் பூசையில என்ர ஃப்ளொப்பிக்கும் பொட்டு வெச்சன்... ஈரம் காய முதலே ட்ரைவுக்குள்ள போட்டிட்டன்!"

பஹ்மி ஃபோன் டோர்ச்சை ட்ரைவுக்குள் அடித்தார்.

"யா அல்லாஹ்! உள்ளுக்கு அப்பிக் கிடக்கு சேர்! நேத்துப் பூசைக்குப் பிறகு இதுக்குள்ள நுழைஞ்ச எந்த ஃப்ளொப்பியும் பொட்டோடதான் வந்திருக்கும்!"

கோணாமலையின் முகம் வெளுத்தது.

"வீ... வீட்டில பட்டிருக்கும்..."

"பூட்டின சாமியறையில இருந்து சந்தனம் நடந்து வந்ததா?"

அஸ்கர் வாசற்படிக்கு வந்தார்.

"பூசை முடிஞ்சு எல்லாரும் போன பிறகு வந்தீங்க. இந்த ஃப்ளொப்பியால மெஷின எழுப்பினீங்க. வாயுவப் பாக்கிற வேல இல்ல... சும்மா பச்சைத் திரை! அது மெமரிக்கு ஏறின உடன இந்தப் புள்ளட ஃப்ளொப்பியத் திரும்பச் சொருகிட்டு, வால்வத் திறந்து விட்டீங்க. வீட்ட போய் உங்கட ஃப்ளொப்பியில எல்லாத்தையும் அழிச்சீங்க. பொட்ட மட்டும் அழிக்கல்ல!"

கோணாமலை எழ முயன்றார். பின்னால் நின்ற கொன்ஸ்டபிள் தோளை அழுத்தினார்.

நிருஷா தப்பிவிட்டாள். ஆனால் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள்.

"என்ர திரைய நம்பித்தானே உள்ள போனார்..."



அஸ்கர் மேசையில் இருந்த கடித உறைக்குள் ஃப்ளொப்பியை இட்டார். கொழும்பு ஆய்வுகூடத்துக்கு நாலு வரி எழுதிச் சேர்த்தார். ஒட்டினார். சிவப்பு அரக்கை உருக்கி, நடுவில் ஒரு சொட்டு விட்டு, முத்திரையை அழுத்தினார்.

உறைக்கும் ஒரு பொட்டு!

கொன்ஸ்டபிள் அதை வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். வாவிப் பாலத்தில் அது மறைந்தது.

ஜீப்பின் கதவருகே கோணாமலை கைகளை இழுத்துக்கொண்டார்.

"சேர்... துடக்கு... என்னத் தொடாதீங்க..."

அஸ்கர் கதவை அகலத் திறந்தார்.

"பயப்பிடாம ஏறுங்க... எங்கட ஜீப்பில கும்பம் வைக்கல்ல!"